மறதியில் இருக்கும் தாயும் ஒரு தத்துவ வாக்கியமும்

கேள்வி: ஐயா, என் தாயாருக்கு 74 வயது. நான்கு ஆண்டுகளாக மறதி நோயில் இருக்கிறார். இப்போது என்னைப் பெயர் சொல்லி அழைப்பதில்லை. சில நாள்களில் என்னைத் தன் அக்காள் என்று நினைத்துக்கொண்டு பேசுகிறார். சென்ற மாதம் வெளியூரிலிருந்து வந்திருந்த என் தம்பி, அம்மாவின் அருகில் அமர்ந்தபடியே, “நான் சிந்திக்கிறேன், எனவே நான் இருக்கிறேன் என்று ஒரு தத்துவ அறிஞர் சொல்லியிருக்கிறார். சிந்தனையே போன பிறகு அம்மா இருக்கிறார் என்று எப்படிச் சொல்வது? நாம் பார்த்துக்கொள்வது அம்மாவின் உடலை மட்டும்தான்” என்றான். காபி சூடாக இருந்தால் “சுடுது” என்று டம்ளரைத் தள்ளுகிறாரே, பழைய பாட்டுக்கு விரலால் தாளம் போடுகிறாரே என்று கேட்டேன். அதெல்லாம் உடம்பின் பழக்கம் என்று சொல்லிவிட்டு, அவனே அந்தக் காபியை ஆற்றி அம்மாவுக்குக் கொடுத்தான். அவன் கெட்ட எண்ணத்தில் பேசவில்லை, அழுதுகொண்டுதான் சொன்னான். ஆனாலும் அந்த வாக்கியம் என்னைத் தூங்கவிடவில்லை. அது உண்மையிலேயே அப்படித்தான் சொல்கிறதா? (ஒரு வாசகி, திண்டுக்கல்)

பதில்:

அன்புள்ள வாசகி அவர்களுக்கு,

நீங்கள் கேட்டதற்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். இல்லை, அந்த வாக்கியம் அப்படிச் சொல்லவில்லை. உங்கள் தாயாரைப் பற்றியோ, எதிரில் அமர்ந்திருக்கும் வேறு எந்த மனிதரைப் பற்றியோ அது எதையும் சொல்லவில்லை. அதுமட்டுமன்று, உங்கள் வீட்டில் எழுந்த கேள்விக்கு மிக நெருங்கிய ஒரு கேள்வி அந்த வாக்கியத்தை எழுதியவரிடமே கேட்கப்பட்டது. அதற்கு அவர் அளித்த விடை உங்கள் தம்பி எட்டிய முடிவுக்கு நேர் எதிரானது. அந்த விடைக்கு வரும் முன், வாக்கியம் எந்த மண்ணில் முளைத்தது என்பதை நாம் பார்த்தாக வேண்டும்.

எழுதியவர் ரெனே டெக்கார்ட். 1596ஆம் ஆண்டில் பிரான்சின் தூரேன் பகுதியில் பிறந்தவர். வடிவியலையும் இயற்கணிதத்தையும் இணைத்த கணித அறிஞர். தம் எழுத்துப் பணியின் பெரும்பகுதியை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நெதர்லாந்தில் தங்கிச் செய்தவர். 1637இல் லெய்டன் நகரில், தம் பெயரைப் போடாமல் பிரெஞ்சு மொழியில் அவர் வெளியிட்ட ‘முறை குறித்த உரை’ என்னும் நூலின் நான்காம் பகுதியில்தான் ‘நான் சிந்திக்கிறேன், எனவே நான் இருக்கிறேன்’ என்ற தொடர் முதன்முதலாக அச்சேறியது. உலகம் முழுவதும் மேற்கோள் காட்டப்படும் அதன் லத்தீன் வடிவம் 1644இல் வெளிவந்த ‘தத்துவத்தின் கோட்பாடுகள்’ நூலில் இருக்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில், 1641இல், அவருடைய தலையாய படைப்பான ‘தியானங்கள்’ வந்தது. இந்தக் கருத்தை மிக விரிவாக ஆராயும் அந்த நூலின் ஆறு தியானங்களிலும் இந்தப் புகழ்பெற்ற தொடர் அதே வடிவில் இல்லை. அங்கே அவர் எழுதுவது வேறு: ‘நான் இருக்கிறேன், நான் உள்ளேன்’ என்பது, அதை நான் சொல்லும் ஒவ்வொரு முறையும், மனத்தில் கருதும் ஒவ்வொரு முறையும், கட்டாயமாக உண்மை. இந்த வடிவத்தில் ‘எனவே’ என்ற சொல் இல்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்குத் திரும்ப வருவேன்.

டெக்கார்ட் இதை எழுதும்போது மனிதன் என்பவன் யார், யாருடைய வாழ்வு மதிப்புள்ளது என்று ஆராய்ந்துகொண்டிருக்கவில்லை. எவ்வளவு கடுமையாக ஐயுற்றாலும் அசைக்க முடியாத ஒன்று, ஒரே ஒன்று, கிடைக்குமா என்று தேடிக்கொண்டிருந்தார். புலன்களை நம்பலாமா? தொலைவிலிருந்து வட்டமாகத் தெரியும் கோபுரம் அருகில் சென்றால் சதுரமாக இருக்கிறது. கணப்பின் அருகில் மேலங்கி அணிந்து அமர்ந்திருக்கிறேன் என்பதையாவது நம்பலாமா? அதே காட்சியைப் படுக்கையில் கிடந்தபடி கனவிலும் கண்டிருக்கிறேன். கனவிலும் இரண்டும் மூன்றும் ஐந்துதானே? ஆனால் பெரும் ஆற்றலும் வஞ்சகமும் கொண்ட ஒரு தீய சக்தி, என் எண்ணங்கள் எல்லாவற்றிலும் என்னை ஏமாற்றிக்கொண்டே இருக்கிறது என்று வைத்துக்கொண்டால் என்ன மிஞ்சும்? வானம், பூமி, உடல், கை, கண் அனைத்தும் போய்விடுகின்றன. அந்த இடத்தில்தான் அவர் நிற்கிறார். அந்தச் சக்தி என்னை ஏமாற்றட்டும், எவ்வளவு வேண்டுமானாலும் ஏமாற்றட்டும். ஏமாறுவதற்கு நான் இருந்தாக வேண்டும்.

இந்தப் பயணத்தில் துணைக்கு எவரும் இல்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். பயணம் முழுவதும் தன்மை ஒருமையில் நடக்கிறது. ‘நான்’ என்ற இடத்தில் ‘அவர்’ என்று மாற்றிப் போட்டால் வாக்கியத்தின் உயிரே போய்விடும். ‘அவர் சிந்திக்கிறார், எனவே அவர் இருக்கிறார்’ என்பதைத் தீய சக்தி எளிதில் கவிழ்த்துவிடும், ஏனெனில் அவர் என்பவரே என் கனவில் வந்தவராக இருக்கலாம். ஆகவே ஒருவர் தம் இருப்பைத் தாமே உறுதி செய்துகொள்ள உதவும் இந்த வாக்கியத்தை, இன்னொருவரின் இருப்பை அளக்கும் கோலாக எடுக்கவே முடியாது. உங்கள் தம்பி அதைக் கையில் எடுத்துத் தாயாரின் பக்கம் திருப்பிய கணத்திலேயே அது வேலை செய்வதை நிறுத்திவிட்டது. மேலும், ‘தியானங்கள்’ நூலின் முன்னால் வைத்த சுருக்கவுரையில், உலகம் ஒன்று உண்டு, மனிதர்களுக்கு உடல் உண்டு என்பவற்றை நல்ல மனநிலையில் உள்ள எவரும் உண்மையாக ஐயுற்றதில்லை என்று டெக்கார்ட்டே எழுதியிருக்கிறார். அவருடைய ஐயம் ஆய்வுக்காகத் தம் அறைக்குள் தம்மீதே அவர் நடத்திய சோதனை. கட்டிலில் படுத்திருக்கும் ஒருவரைப் பார்த்து இவர் இருக்கிறாரா என்று கேட்பதற்காக அது உருவாக்கப்படவில்லை.

இப்போது அந்த ‘எனவே’. அந்தச் சொல் இருப்பதனால் இதை நாம் தர்க்க விதிப்படி அமைந்த ஒரு முடிவு என்று எண்ணிவிடுகிறோம். ‘சிந்திப்பவை எல்லாம் இருப்பவை, நான் சிந்திக்கிறேன், எனவே நான் இருக்கிறேன்’ என்று மூன்றடியில் ஏறி வந்த முடிவு இதுவன்று என்று, தம் நூலுக்கு வந்த இரண்டாம் தொகுதி மறுப்புகளுக்கு எழுதிய விடையில் டெக்கார்ட் தெளிவுபடுத்துகிறார். மனம் தன்னை ஒரே நோக்கில் நேரே கண்டுகொள்வதுதான் அது. சரி, தர்க்கமாகவே எடுத்துக்கொள்வோம் என்றாலும் உங்கள் தம்பியின் முடிவு அதிலிருந்து வராது. மழை பெய்தால் தெரு நனையும் என்பது உண்மை. மழை பெய்யவில்லை, எனவே தெரு நனைந்திருக்காது என்று சொன்னால், காலையில் தண்ணீர் லாரி வந்து போனதைப் பார்த்தவர்கள் ஏற்க மாட்டார்கள். சிந்தித்தால் இருப்பு உண்டு என்பதிலிருந்து, சிந்திக்காவிட்டால் இருப்பு இல்லை என்பது பிறக்காது. நான் பாடம் சொல்லும் முதலாண்டு வகுப்பில் ஒவ்வோர் ஆண்டும் மிக அதிகமான மாணவர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான். படித்தவர்களும் துயரத்தில் இருக்கும்போது இங்கே விழுகிறார்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அப்படியானால், சிந்தனையைத்தான் அவர் தேர்ந்தெடுத்தார் என்பதில் ஒரு பொருள் இல்லையா, மனிதனின் மேன்மை சிந்தனையில் இருக்கிறது என்பதனால்தானே அதைத் தேர்ந்தெடுத்தார் என்று உங்கள் தம்பி கேட்கலாம். டெக்கார்ட்டின் காலத்து அறிஞரான பியேர் கசாந்தி கிட்டத்தட்ட இப்படியொரு கேள்வியை எழுப்பினார்: இருப்பை நிறுவ இவ்வளவு பாடு எதற்கு, வேறு எந்தச் செயலிலிருந்தும் அதை நிறுவியிருக்கலாமே? டெக்கார்ட்டின் விடை நுட்பமானது. ‘நான் நடக்கிறேன், எனவே இருக்கிறேன்’ என்று சொல்ல முடியாது. ஏனென்றால் கனவில் கால்கள் அசையாமலே நடப்பதாகத் தோன்றும். ஆனால் ‘நடப்பதாக எனக்குத் தோன்றுகிறது, எனவே இருக்கிறேன்’ என்று சொல்லலாம். கால்கள் பொய்யாக இருந்தாலும் தோன்றுவது பொய்யாகாது. ஆக, சிந்தனைக்கு அந்த இடம் கிடைத்தது அது உயர்ந்தது என்பதனால் அன்று. ஐயத்தால் பிடுங்க முடியாதபடி அது அங்கே எஞ்சி நின்றது என்பதனால் மட்டுமே.

இங்கே நம் மொழிபெயர்ப்பு நமக்குச் செய்திருக்கும் ஒரு தீங்கையும் சொல்ல வேண்டும். தமிழில் ‘சிந்தனை’ என்றால் ஆழ்ந்து, முயன்று, ஒழுங்காக எண்ணுவது என்ற உயரம் அந்தச் சொல்லிலேயே ஏறிவிடுகிறது. சிந்தனையாளர் என்று எல்லாரையும் நாம் சொல்வதில்லை. ஆகவே ‘சிந்திக்கிறேன், எனவே இருக்கிறேன்’ என்று படிப்பவருக்கு, கணக்குப் போடுபவரும் நூல் எழுதுபவரும் இருக்கிறார்கள், மற்றவர்கள் அரைகுறையாக இருக்கிறார்கள் என்பது போன்ற ஓர் எண்ணம் எழுந்துவிடுகிறது. மூலச் சொல்லின் பரப்பு அதுவன்று. 1644ஆம் ஆண்டு நூலின் முதற்பகுதி ஒன்பதாம் பிரிவில், ‘சிந்தனை’ என்று தாம் எதைச் சொல்கிறார் என்பதை டெக்கார்ட் வரையறுக்கிறார்: நமக்குள் நிகழ்ந்து, நிகழ்வதை நாம் நேரடியாக உணரும் அனைத்தும் சிந்தனையே. அறிதல் மட்டுமன்றி விரும்புதலும், கற்பனை செய்தலும், புலன்வழி உணர்தலும் அதில் அடங்கும் என்று அவர் வெளிப்படையாகவே எழுதுகிறார். ‘எனக்கு உணர்வு நிகழ்கிறது, நான் இருக்கிறேன்’ என்று பெயர்த்திருந்தால் அழகு குறைந்திருக்கும்; ஆனால் உங்கள் வீட்டில் அன்று அந்தப் பேச்சு எழுந்திருக்காது என்று நினைக்கிறேன்.

காபி டம்ளரைத் தள்ளிய கையை உடம்பின் பழக்கம் என்று உங்கள் தம்பி சொன்னார். கை விலகுவது வெறும் உடலியக்கமாக இருக்கலாம் என்பதை டெக்கார்ட்டும் ஒப்புக்கொள்வார். உடலை ஒரு பொறியாகவே அவர் விவரித்தவர். ஆனால் சூடாக இருப்பதாக ஒருவருக்குத் தோன்றுவது பொறியின் வேலை அன்று, அது சிந்தனை என்பது அவருடைய உறுதியான நிலைப்பாடு. உங்கள் தாயார் கையை விலக்கியதோடு நிற்கவில்லை, ‘சுடுது’ என்றும் சொன்னார். இடத்துக்கு ஏற்ற சொல்லை எடுத்துச் சொல்வதைத்தான், மனிதருக்குள் மனம் இருப்பதற்கான அடையாளமாக ‘முறை குறித்த உரை’யின் ஐந்தாம் பகுதியில் அவர் காட்டுகிறார், அறிவு மங்கியவர்களையும் மனம் பிறழ்ந்தவர்களையும்கூட அங்கே அவர் விலக்கவில்லை, பெயர் சொல்லிச் சேர்த்துக்கொள்கிறார்.

இனி நான் முதலில் குறிப்பிட்ட அந்த விடை. இரண்டாம் தியானத்தில், ‘நான் சிந்திப்பதை முற்றிலும் நிறுத்தினால், நான் இல்லாமலே போய்விடவும் கூடும்’ என்று டெக்கார்ட் ஓரிடத்தில் எழுதியிருக்கிறார். உங்கள் தம்பி நூலைத் தேடிப் படித்தால் இந்த வரியைக் கொண்டுவந்து காட்டுவார் என்பதனால் நானே சொல்லிவிடுகிறேன். ‘கூடும்’ என்றுதான் அது சொல்கிறது; ஐயத்தின் நடுவழியில், இன்னும் எதுவும் நிறுவப்படாத நிலையில் எழுதப்பட்ட வரி அது. இதைப் பிடித்துக்கொண்டு கசாந்தி மேலும் கேட்டார்: அப்படியானால் கருவிலும் ஆழ்ந்த உறக்கத்திலும் மனம் சிந்தித்துக்கொண்டா இருக்கிறது? டெக்கார்ட் தயங்காமல், ஏன் இருக்கக் கூடாது என்று திருப்பிக் கேட்டார். அந்த எண்ணங்கள் நமக்கு நினைவில் இல்லை என்பது வியப்பன்று என்றார். வளர்ந்து, உடல்நலத்தோடு, விழித்திருக்கும்போது நாம் எண்ணியவற்றிலேயே எத்தனையோ நினைவில் நிற்பதில்லை; ஒன்றை நினைவுகூர வேண்டுமானால் அதன் சுவடு மூளையில் பதிந்திருக்க வேண்டும்; சுவடு பதியவில்லை என்பதனால் எண்ணம் நிகழவே இல்லை என்று ஆகாது.

உங்கள் கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோது என் மனத்தில் வந்து நின்றது இந்தப் பத்திதான். மறப்பது வேறு, சிந்திக்காமல் இருப்பது வேறு. முந்தைய கணம் தங்கவில்லை என்பது இந்தக் கணம் நிகழவில்லை என்பதற்குச் சான்றாகாது. 1641இல் இதைப் பிரித்துக் காட்டியவரின் பெயரால்தான், அந்த இரண்டையும் ஒன்றாக்கும் வாதம் உங்கள் வீட்டில் வைக்கப்பட்டது.

ஆனால் உங்களுக்கு ஆறுதல் தர வேண்டும் என்பதற்காக டெக்கார்ட் சொன்னதை எல்லாம் நான் ஏற்றுக்கொள்வதாகக் காட்டினால் அது நேர்மையாகாது. மனம் எப்போதும் சிந்திக்கிறது என்று அவர் உறுதியாகச் சொல்வதற்குக் காரணம், மனம் என்பது உடலினின்றும் வேறான, சிந்தித்தலையே இயல்பாகக் கொண்ட ஒரு பொருள் என்று அவர் முடிவு செய்ததுதான். அந்த முடிவு இந்த வாக்கியத்திலிருந்து நேராக வருவதில்லை. இடமும் எடையும் இல்லாத அந்த மனம் உடலை எப்படி அசைக்கிறது என்று பொகீமியாவின் இளவரசி எலிசபெத் 1643இல் கடிதம் எழுதிக் கேட்டார். அந்தக் கேள்விக்கு நிறைவான விடையை டெக்கார்ட் தந்ததாக நான் கருதவில்லை. ஜெர்மானிய இயற்பியலறிஞர் லிக்டன்பர்க் பின்னர் இன்னொரு பக்கத்திலிருந்து இடித்தார்: ‘மின்னுகிறது’ என்று சொல்வதைப் போல ‘எண்ணம் நிகழ்கிறது’ என்று மட்டும்தான் சொல்லலாம், அதில் ‘நான்’ எங்கிருந்து வந்தது? வலுவான கேள்வி இது. இதைக் கற்பிக்கும்போதெல்லாம் நம் மொழி வைத்திருக்கும் ஒரு வாய்ப்பை நான் மாணவர்களுக்குச் சுட்டிக்காட்டுவதுண்டு. ‘எனக்குத் தோன்றுகிறது’, ‘எனக்குப் பசிக்கிறது’, ‘எனக்கு நினைவு வருகிறது’ என்று நான்காம் வேற்றுமையில் நாம் பேசுகிறோம். அங்கே ‘நான்’ செய்பவனாக இல்லை. ஆனால் அடியோடு மறைந்தும் போகவில்லை. எண்ணம் வருகிறது, வந்து சேர ஓர் ‘எனக்கு’ இருக்கிறது. டெக்கார்ட்டின் வாக்கியத்தில் ஐயத்துக்கு அப்பால் நிற்பது இந்த ‘எனக்கு’ அளவேதான் என்பது என் கருத்து.

தமிழ் மரபில் இதற்கு உறவான சிந்தனை உண்டு என்பதையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். 13ஆம் நூற்றாண்டின் மெய்கண்டார், சிவஞானபோதத்தின் மூன்றாம் நூற்பாவை ‘உளது இலது என்றலின்’ என்று தொடங்குகிறார். உயிர் இல்லை என்று மறுக்கும் அந்த அறிவே உயிர் உண்டு என்பதற்குச் சான்று என்பது அதன் பொருள். புனித அகஸ்டினும் ‘நான் ஏமாந்தால், நான் இருக்கிறேன்’ என்று டெக்கார்ட்டுக்குப் பன்னிரண்டு நூற்றாண்டுகள் முன்பே எழுதியிருந்தார். மூவரின் நோக்கங்களும் வேறு வேறு. ஆனால் மூவரில் எவரும் இதை அடுத்தவரின் இருப்பை மறுப்பதற்குப் பயன்படுத்தவில்லை.

உங்கள் தம்பியின் கேள்வியை நான் ஒதுக்கிவிடவில்லை. அவர் தவறான ஆளைத் துணைக்கு அழைத்தார், ஆனால் அவருடைய மனத்தில் இருந்தது உண்மையான கேள்விதான். அது ‘அம்மா இருக்கிறாரா’ என்பதன்று; ‘இங்கே இருப்பவர் அதே அம்மாதானா’ என்பது. அந்தக் கேள்வி ஆங்கிலேய அறிஞர் ஜான் லாக்குடையது. மனித அறிவைப் பற்றிய தம் நூலின் 1694ஆம் ஆண்டுப் பதிப்பில் சேர்த்த ஓர் அத்தியாயத்தில், ஒருவரின் உணர்வு பின்னோக்கி எட்டும் தொலைவுவரைதான் அவர் அதே ஆள் என்று லாக் எழுதினார். அதை முழுக்க ஏற்றால் நினைவு அறும் இடத்தில் ஆளும் அறுந்துபோகிறார். இதற்கு ஸ்காட்லாந்தின் தாமஸ் ரீட் 1785இல் ஒரு கதையால் விடை சொன்னார். சிறுவனாக இருந்தபோது பழத்தோட்டத்தில் திருடி அடி வாங்கிய ஒருவன், இளம் அதிகாரியாகிப் போரில் பகைவரின் கொடியைக் கைப்பற்றுகிறான். முதிர்ந்த வயதில் தளபதியாகிறான். அதிகாரிக்கு அடி வாங்கியது நினைவிருக்கிறது. தளபதிக்குக் கொடியைக் கைப்பற்றியது நினைவிருக்கிறது, அடி வாங்கியது நினைவில்லை. லாக்கின் கணக்குப்படி சிறுவனும் அதிகாரியும் ஒருவரே, அதிகாரியும் தளபதியும் ஒருவரே. ஆனால் சிறுவனும் தளபதியும் வேறு வேறு ஆள்கள். இது பொருந்தாது என்பதனால், நினைவை மட்டும் கொண்டு ஆளை அளக்க முடியாது என்று ரீட் வாதிட்டார். இந்த விவாதம் இன்னும் முடியவில்லை. உங்கள் தம்பி இதற்குள் வந்து தம் கேள்வியைக் கேட்க முழு உரிமை உள்ளவர். உங்களை அக்காள் என்று அழைக்கும்போது உங்கள் தாயார் ஒரு பழைய உறவின் பெயரால் உங்களைத் தம் அருகில் வைத்துக்கொள்கிறார் என்பதையும் அந்த விவாதத்தில் நீங்கள் எடுத்து வைக்கலாம். அது நினைவு முற்றிலும் இல்லாதவரின் செயல் அன்று.

உங்கள் தம்பி அடுத்த முறை வரும்போது இரண்டாம் தியானத்தை இருவரும் சேர்ந்து படியுங்கள். ஒரே அமர்வில் முடிந்துவிடும் சில பக்கங்கள்தான். அதில் டெக்கார்ட் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்க்கும் ஓர் இடம் வரும். கண்ணில் படுவன தொப்பிகளும் மேலங்கிகளும் மட்டுமே. உள்ளே பொறிகள் இருந்தாலும் இருக்கலாம். ஆனாலும் அவர்கள் மனிதர்கள் என்று நான் தீர்மானிக்கிறேன் என்கிறார். அந்தத் தீர்மானத்தைக் கண் செய்யவில்லை, மனம் செய்கிறது என்பது அவர் காட்ட வந்த செய்தி. அந்த இடத்தில் சற்று நிறுத்தி, அன்று உங்கள் தம்பி செய்ததை அவருக்கு நினைவூட்டுங்கள். நாம் பார்த்துக்கொள்வது உடலை மட்டும்தான் என்று வாயால் சொன்னவர், அடுத்த நொடியே காபியை ஆற்றினார். ‘சுடுது’ என்ற சொல்லை, சூடு தோன்றிய ஒருவர் சொன்ன சொல்லாகவே அவர் எடுத்துக்கொண்டிருக்கிறார்.